லிட்டருக்குப் பதினேழு

வாங்கண்ணா. சுற்றிப் பார்த்தாயிற்றா? டயர் நாலும் நல்ல டயர். பின்கதவில் ஒரு நசுங்கல் இருக்கிறது, பார்த்திருப்பீங்க. சந்தையில் தக்காளி வண்டிக்காரர் ஒருவர் ரிவர்ஸில் வந்து இடித்தது. மற்றபடி இன்ஜினில் யாரும் கை வைத்ததில்லை. டர்போவில் ஒரு சின்னச் சத்தம்கூடக் கிடையாது. தூரமாக ஓடி வந்தால் உடனே ஆஃப் செய்ய மாட்டோம், கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டுத்தான் சாவியைத் திருகுவோம். அது என் மாமாவின் பழக்கம். "ஓடி வந்தவனை வாசல்லயே நிறுத்திக் கதவைச் சாத்துவியாடா? கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்பார். டர்போவைத்தான் சொல்வார்.

என்ன கேட்டீங்க?

மைலேஜா.

கேட்பீங்க என்று தெரியும். இந்த பிக்கப்பைப் பார்க்க வந்த எல்லாரும் விலைக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள். நான் விழிக்கிற விழியைப் பார்த்துவிட்டுப் போன வாரம் ஒருத்தர், "ஏந்தம்பி, திருட்டு வண்டிங்களா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உட்காருங்க. அம்மா டீ வைக்கிறாள். நம்பரை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்க காங்கயத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில்தான் நான் வேலையில் இருந்தேன். எந்நேரமும் லோடு, எந்நேரமும் வண்டி. யாரைப் பார்த்தாலும் வண்டி வாங்கியவன் நன்றாக இருக்கிறான், கணக்கு எழுதுகிறவன் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான். நமக்கும் ஒரு பிக்கப் இருந்தால் என்ன என்று ஆசை வந்தது. ஆசை வந்ததே தவிர, ஓட்டத் தெரியாது. அப்போதுதான் எங்கள் அக்கா வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். ராசியப்பன் என்று பேர், நான் சொன்னேனே அந்த மாமா. எங்கள் பரிமளா அக்காவைக் கட்டியவர். லாரியில் பம்பாய், நாக்பூர் என்று ஓடியவர். "நீ வண்டி எடுடா மாப்ள. நான் ஓட்டறேன். வெளி ஆளை நம்பி வண்டி எடுக்காதே" என்றார். எனக்காக லாரி வேலையை விட்டுவிட்டு வந்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் வயசாகிறது, வீட்டோடு இருக்கலாம் என்று நினைத்திருப்பார். எனக்காகவும்தான்.

ஷோரூமில் ஒரு பையன் டை கட்டிக்கொண்டு நின்றான். "சார், இது டர்போ இன்ஜின். பவருக்குப் பவர், மைலேஜுக்கு மைலேஜ். லிட்டருக்குப் பதினேழு அசால்ட்டா வரும்" என்றான். பதினேழு. அந்த நம்பர் என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாமா பக்கத்தில் நின்று வண்டிக்கு அடியில் லீஃப் பிளேட் ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைக் கேட்டாரா இல்லையா, தெரியாது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சந்தைக்கு வெளியே பிக்கப் ஸ்டாண்டு இருக்கிறது. வண்டிகள் வரிசையாக நிற்கும். டயர் மேல் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே யாரும் வருமானத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டார்கள், மைலேஜைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். நான் போன முதல் நாளே சம்பத் என்று ஒருத்தர் கேட்டார்: "ஏப்பா பூபதி, டர்போவாமா? குடிக்குதா, குளிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"பதினேழு குடுக்குதுங்க" என்றேன்.

வண்டி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் அளக்கவும் இல்லை. ஆனால் சொன்னதும் சிரிப்பு நின்றது. "பதினேழா! பரவால்லையே" என்று ஒருத்தர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் பதினேழுதான். புது வண்டி எடுக்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள், பதினேழு. கல்யாண வீட்டில் கேட்டால் பதினேழு. சொல்லச் சொல்ல நானே அதை நம்பிவிட்டேன். அதுதான் அண்ணா கஷ்டம். பொய் சொல்கிறவன் மனசுக்குள்ளாவது உண்மையை வைத்திருக்க வேண்டும். நான் அதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் டீசல் போட ஆரம்பித்தால், பதினேழு எங்கே? வரவே இல்லை. வண்டிக்குள் டேஷ்போர்டில் ஒரு நம்பர் ஓடும், அது பதினைந்து என்று காட்டும். பெட்ரோல் பங்கில் போய் ஊற்றினால் அதற்கும் கீழே, பாதாளத்தில் இருக்கிறது. வண்டி புதுசு. ஷோரூம்காரன் சொன்னது பதினேழு. ஸ்டாண்டில் மற்றவர்கள் பதினெட்டு, இருபது என்கிறார்கள். அப்படியென்றால் டீசல் எங்கே போகிறது?

நான் மாமாவைச் சந்தேகப்படவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா யோசித்தேன். வண்டி யார் கையில் இருக்கிறது, அவர் கையில். கேரளாவுக்குப் போகிறார், வருகிறார். வழியில் நிறுத்தி ட்யூப் போட்டு உறிஞ்சி விற்கிறவர்கள் இல்லையா என்ன? அவர் அப்படி என்று சொல்லவில்லை. உலகத்தில் நடக்கிறதே என்றுதான். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது கொல்லையில் கேன் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். அக்கா, "என்னடா தேடற?" என்றாள். "தண்ணி குடிக்கலாம்னு" என்றேன். கொல்லையில் போய்த் தண்ணி குடிக்கிற தம்பியை அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள். மாமாவின் டிவிஎஸ் வண்டி நின்றது. அதன் டேங்க் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தேன். அது பெட்ரோல் வண்டி என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது.

சிரிக்காதீங்க. இல்லை, சிரிங்க.

ஆனால் அவரை ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அந்த மட்டுக்கும் நான் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன். சந்தைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறையில் டீசல் மூடிக்கு மேல் ஒரு பட்டைக் கம்பி வைத்துக் கொண்டி அடித்து, ஒரு பூட்டுப் போட்டேன். அவ்வளவுதான். அதோ, நீங்க குனிந்து தொட்டுப் பார்த்தீங்களே, அந்தப் பூட்டுத்தான். லாரிக்காரர்கள் எல்லாரும் போடுகிறார்கள். ரோட்டில் திருட்டுப் பயம்.

மாமா வந்து பார்த்தார். "நல்லதுதான்டா மாப்ள. காலம் அப்படிக் கெடக்குது. எங்கே, சாவியைக் குடு, கொத்துல மாட்டிக்கறேன்" என்று கையை நீட்டினார்.

"என்கிட்டயே இருக்கட்டும் மாமா. இங்கயே டீசல் போட்டு அனுப்பிடறேன். உங்களுக்கு எதுக்கு வழியில அலைச்சல்" என்றேன்.

நான் அதை நல்லபடியாகத்தான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் பொதுவாகவே சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை, நீங்களே பார்க்கிறீங்க. அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அந்தக் கையாலேயே பூட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "கெட்டியாத்தான் இருக்குது" என்றார். போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

சாவியை எங்கே வைப்பது? சட்டைப் பையில் வைத்தால் விழும், வீட்டில் வைத்தால் அம்மா கேட்பாள். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். குளிக்கும்போதுகூட இருக்கும்.

அதற்கப்புறம் என் கணக்கு என்னவென்றால், திருச்சூர் போக வர எத்தனை கிலோமீட்டர், அதைப் பதினேழால் வகுத்து, மேலே ஒன்றிரண்டு லிட்டர் கருணைக்குச் சேர்த்து ஊற்றிப் பூட்டி அனுப்புவது. திரும்பி வந்ததும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் தெரிந்துவிடும் இல்லையா? டேங்க்கில் ஏற்கனவே கிடந்தது கொஞ்சம் இருந்ததால் முதல் நடை எப்படியோ வந்து சேர்ந்தார். "முள் ரொம்பக் கீழ வந்துருச்சுடா மாப்ள. அடுத்த நடைக்குக் கொஞ்சம் சேர்த்து ஊத்து" என்று சொன்னார்தான். சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? 'ஓகோ, சேர்த்து ஊற்றச் சொல்கிறாரா' என்று எடுத்துக்கொண்டேன்.

ஓணம் நேரம். திருச்சூருக்குப் பூசணி, முருங்கை, கத்தரி என்று வண்டிக்கு மேல் வண்டி போகிறது. எங்கள் பிக்கப்பில் கூண்டுக்கு மேல் ஒரு ஆள் உயரம் பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டி அடுக்கித் தார்ப்பாய் கட்டியிருந்தது. நான் பழையபடி வகுத்து, ஊற்றி, பூட்டி அனுப்பினேன். அங்கே இறக்கிவிட்டு, திரும்பும்போது அன்னாசி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். உடுமலையில் ஒரு வியாபாரிக்கு.

மறுநாள் காலையில் நான் மண்டியில் இருக்கும்போது போன் வந்தது.

"மாப்ள, வண்டி நின்னுபோச்சுடா."

"எங்க மாமா?"

"ஆலத்தூர் பக்கம். டீசல் இல்ல."

"எப்படி மாமா தீரும்?"

இவ்வளவுதான் கேட்டேன். சத்தியமாக இவ்வளவுதான். பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், அதனால் கொஞ்சம் சத்தமாகக் கேட்டிருப்பேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"ஒரு ஆட்டோக்காரர் கேன்ல டீசல் வாங்கியாந்து குடுத்துட்டார்" என்றார் அப்புறம். "ஊத்த முடியல. பூட்டியிருக்குது."

அப்போதுதான் எனக்கு இடுப்பில் சாவி உறுத்தியது. "உடைச்சுருங்க மாமா. ஒரு கல்லை எடுத்துப் போட்டா தெறிச்சுரும்" என்றேன்.

"வேண்டான்டா. நீ வந்து தொற."

"மாமா, நான் அங்க வர்றதுக்கு மத்தியானம் தாண்டிரும். லோடு வேற..."

"தாண்டட்டும். நீ வந்து தொற."

பொள்ளாச்சி பஸ், அப்புறம் பாலக்காட்டு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வெயில் சும்மா கொளுத்துகிறது. வழி முழுக்க எனக்கு என்ன யோசனை ஓடியது என்று நினைக்கிறீங்க? மாமா பசியோடு இருப்பாரே என்றா? இல்லை. ஸ்டாண்டில் தெரிந்தால் சம்பத் என்ன சொல்வார் என்று. பதினேழு கொடுக்கிற வண்டி பாதி ரோட்டில் நின்ற கதை எத்தனை நாளைக்கு ஓடும் என்று.

ஆலத்தூருக்கு முன்னாலேயே பஸ்ஸிலிருந்து வண்டி தெரிந்தது. ஓரமாக நிற்கிறது. அன்னாசி வாசனை ரோடு முழுக்க. பழுத்துத் தளர்ந்த வாசனை. ஆட்டோக்காரர்கள் நாலைந்து பேர், டீக்கடைக்காரம்மா ஒருத்தர், சும்மா நிற்கிற ஆட்கள். மாமா வண்டி நிழலில் ஸ்டெப்னி டயரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் டீசல் கேன். மூடிக்கு நேர் கீழே ஒரு பெரிய கல். யாரோ உடைப்பதற்குக் கொண்டுவந்து வைத்தது, வைத்தபடியே கிடந்தது.

என்னைப் பார்த்ததும் ஒரு ஆட்டோக்காரர் மலையாளத்தில் ஆரம்பித்துவிட்டார். "ஓனர் ஆணோ? நல்ல ஓனர்! ஞங்ஙள் ராவிலே முதல் பறயுன்னு, பொட்டிக்காம், பொட்டிக்காம். சேட்டன் சம்மதிக்குன்னில்ல." நான்தான் ஓனரா என்று கேட்கிறார். காலையிலிருந்து உடைக்கலாம் உடைக்கலாம் என்று சொல்லியும் மாமா விடவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, "பூட்டுனவன் வந்து தொறக்கட்டும். நான் ஒடைச்சா அவன் நெனச்சது சரின்னு ஆயிரும்" என்று தமிழில் சொன்னாராம். அந்த ஆட்டோக்காரர் அதைத் தப்பும் தவறுமாக என்னிடம் தமிழிலேயே திருப்பிச் சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மாமா எழுந்து வந்தார். "சாப்புட்டியாடா?" என்றார்.

அண்ணா, அவர் என்னைக் கடைசியாக 'டா' போட்டது அதுதான்.

நான் தலையாட்டிவிட்டுச் சாவியை எடுக்கப் போனேன். எங்கே இருக்கிறது? இடுப்பில். பேண்ட் போட்டு பெல்ட் கட்டியிருக்கிறேன். சட்டையைத் தூக்க வேண்டும், பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். பஸ் ஜன்னலோரத்தில் வேர்த்து வேர்த்துக் கயிற்று முடிச்சு இறுகிக் கிடக்கிறது. நகத்தால் பிடுங்குகிறேன், வரவில்லை. நடு ரோட்டில், பஸ் போகிறது, காலேஜ் பிள்ளைகள் போகிறார்கள், நான் சட்டையை மோவாயில் இடுக்கிக்கொண்டு இடுப்பைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். ஆட்டோக்காரர்கள் ஓவென்று சிரித்தார்கள். ஒருத்தர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்தார்.

மாமா தோளில் கிடந்த துண்டை உதறி, ரெண்டு முனையையும் பிடித்து, எனக்கு முன்னால் மறைப்பாக விரித்துக்கொண்டு நின்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. சின்னப் பிள்ளைக்கு ஆற்றங்கரையில் துணி மாற்றும்போது பிடிப்பார்களே, அந்த மாதிரி. "போங்கப்பா, போங்க, வேடிக்கை என்ன" என்று அவர்களை விரட்டினார்.

நான் சாவியை எடுத்துவிட்டேன். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பூட்டைத் திறந்தேன். கேனிலிருந்ததை அவர்தான் ஊற்றினார். ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. டீசல் வண்டி ஒருமுறை வற்றினால் காற்றுப் புகுந்துவிடும், சும்மா சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகாது. பானட்டைத் திறந்து பம்ப்பைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியே எடுத்தார். ஆட்டோக்காரருக்குக் கேனுக்கான காசை நான் எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டார்.

பாலக்காட்டில் பங்கில் நிறுத்தினோம். நான் இறங்காமல், பூட்டுச் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்களே தொறந்துருங்க மாப்ள" என்றார்.

நீங்களே. தொறந்துருங்க. எனக்கு யாரோ பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

டேங்க் வழிய வழிய நிரப்பினேன். ஒட்டன்சத்திரம் வந்ததும் எங்கள் பங்கில் மறுபடி வழிய நிரப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான்தானே. எங்கேயும் யாரும் உறிஞ்சவில்லை, எங்கேயும் யாரும் விற்கவில்லை. உடுமலையில் அன்னாசி இறக்கியதைத் தவிர எங்கேயும் நிற்கவும் இல்லை. அந்த வியாபாரி பாதியைத் தள்ளிவிட்டுப் பாதியைத்தான் எடுத்தார். பங்கு மெஷினில் நம்பர் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். மாமா அந்த மெஷினைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தரம் திரும்பி, 'பார்த்தியா' என்று ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஐடிலில் விட்டு, ஆஃப் செய்து, கழுவித் துடைத்துச் சாவிக்கொத்தைக் கொடுத்தார். "வேற ஆளைப் பார்த்துக்குங்க மாப்ள. எனக்கு முதுகு முன்ன மாதிரி இல்லீங்க" என்றார். இருபது வருஷம் நாக்பூருக்கு ஓடியபோது வராத முதுகுவலி.

அப்புறம் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஓட்டினால்தானே தெரிகிறது? ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் டர்போ விசில் அடிக்கும், வண்டி துள்ளும், நமக்குக் குஷியாக இருக்கும். அந்த விசில் ஒவ்வொன்றும் டீசல். ஐம்பதில் போனால் நக்கிக் குடிக்கிறது, எண்பதில் போனால் மொண்டு குடிக்கிறது. கூண்டுக்கு மேல் கிரேடு அடுக்கினால் எதிர்க்காற்றைத் தள்ளுவதற்கே பாதி போய்விடுகிறது. மாமா நிதானமாக ஓட்டியதால்தான் அந்த அளவுக்காவது கொடுத்திருக்கிறது. நான் ஓட்டினால் அதுவும் வரவில்லை.

மாமா சாவிக்கொத்தைக் கொடுத்த அன்றைக்கே அக்கா போன் செய்தாள். "ஏன்டா, அவர் குடிக்கறதில்ல, பீடி பிடிக்கறதில்ல. டீசலைத் திருடி என்னடா பண்ணுவாரு? தலைக்குத் தேச்சுக் குளிப்பாரா?" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லலியே அக்கா" என்றேன். "சொல்லியிருந்தா வையறதுக்காவது வாய்ச்சிருக்கும்" என்று போனை வைத்துவிட்டாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது, "நீ பூட்டுனது டேங்கையாடா?" என்று மட்டும் கேட்டாள்.

சண்டை என்று ஒன்றும் இல்லை அண்ணா. அதுதான் எனக்கு ஆற்றாமை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகலாம். தை மாசம் அக்கா பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தார்கள். முறைப்படி மாமாவே தட்டோடு வந்தார். "தாய்மாமன் நீங்க. நீங்க வந்து மடியில வெச்சுக் குடுக்கோணுங்க" என்றார். அவர் என்னை 'நீங்க' என்றதும் அம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள். போனேன். மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளை அழுதது. எல்லாரும் பிள்ளையைப் பார்க்கிறார்கள், எனக்கு என் இடுப்பில் அந்தச் சாவி பிள்ளை காலில் குத்துமோ என்று கவலை. இன்னும் கழற்றவில்லையா என்று கேட்கிறீங்களா? கழற்றவில்லை. கழற்றினால் எங்கே வைப்பது? யாரிடம் கொடுப்பது?

மாமா கவனித்துக்கொண்டார் நன்றாக. இலையில் ரெண்டாம் தரம் பாயசம் ஊற்றச் சொன்னார். "மாப்பிள்ளைக்கு வெய்யுங்க, மாப்பிள்ளைக்கு வெய்யுங்க" என்று.

ஸ்டாண்டிலா? அங்கே இன்னும் பதினேழுதான். மாத்திச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

டீ எடுத்துக்குங்க. ஆறிவிட்டதா?

அவ்வளவுதான் கதை. வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அது வாசலில் நிற்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. உங்களுக்குக் கொப்பரைக் களத்துக்குத்தானே? சின்ன ஓட்டம்தானே? உங்களுக்கு நன்றாக உழைக்கும். யார் சொல்லி வந்தீங்க, நான் கேட்கவே இல்லை பாருங்க. விளம்பரம் பார்த்தா?

யாரு?

உங்கள் களத்திலா? உங்கள் டிரைவரா? எப்போதிலிருந்து? மாமா காங்கயத்தில் எங்கேயோ வேலைக்குப் போகிறார் என்று அக்கா சொன்னாள். நான் எந்த இடம் என்று கேட்கவில்லை.

என்ன சொன்னார் வண்டியைப் பற்றி?

'தைரியமா வாங்குங்க, நல்ல வண்டி' என்றாரா. அப்படியேவா சொன்னார்? ஓட்டப் போகிறவரே அவர்தானா?

மைலேஜ் கேட்டீங்களா அவரிடம்?

...என்ன? இன்னொரு தரம் சொல்லுங்க.

'அதை அவர்கிட்டயே கேட்டுக்குங்க. அவர் பொய் சொல்ல மாட்டார்.'

அப்படியா சொன்னார்.

அவருக்குத் தெரியும் அண்ணா. அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்த வண்டியின் ஒவ்வொரு சொட்டும் அவர் காலுக்கடியில்தானே எரிந்தது. ஒரு வார்த்தையில் அவரே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உங்களை இங்கே அனுப்பியிருக்கிறார். என்னிடம் கேட்கச் சொல்லி.

பத்துங்க.

லோடோடு பத்து. மேடு ஏறினால் ஒன்பதுக்கும் கீழே. காலியாகப் போனால் பதினாலு... இல்லை. பதிமூணு என்று வைத்துக்கொள்ளுங்க. அதுவும் அவர் ஓட்டினால். நான் ஓட்டினால் பன்னிரண்டு. பத்துதான் அண்ணா. வாங்கின நாளிலிருந்து பத்துதான்.

இப்போது எங்கே இருக்கிறார்? பங்குப் பக்கத்து டீக்கடையிலா? உங்களோடு வந்துவிட்டு அங்கேயே இறங்கிக்கொண்டாரா? இது அவர் பெண் எடுத்த வீடு. அம்மாவைப் பார்க்காமல் எப்படிப் போவார்?

கொஞ்சம் திரும்பிக்குங்க. பூட்டுச் சாவியை எடுக்க வேண்டும். இன்றைக்கும் முடிச்சு... ம். வந்துவிட்டது.

இந்தாங்க. இதை அவரிடம் கொடுத்துவிடுங்க. பத்து என்று நான் சொன்னேன் என்று சொல்லுங்க. கேட்டதும் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டாம், இழுத்து இழுத்துத்தான் சொன்னேன் என்றே சொல்லுங்க. ஆனால் நானாகச் சொன்னேன் என்று சொல்லுங்க.

ஏன் கை நீட்ட மாட்டேன் என்கிறீங்க? பிடிங்க.

பிடிங்கண்ணா.

நானேவா?

என்ன சொல்லிக் கொடுப்பேன்? எனக்கு வாய் வராது. சரி, நீங்க சிரிக்காதீங்க. சரி. அம்மா, கதவைச் சாத்திக்கொள், பங்கு வரைக்கும் போய்விட்டு வருகிறேன். மாமா வந்திருக்கிறாராம்... ஆமாம், மாமாதான். இன்னொரு டம்ளர் டீ வை. இல்லை, சோறே வை.

வாங்க, ஏறுங்க. ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. நீங்களே ஓட்டுங்க, நான் இந்தப் பூட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். இதைப் பையில் போடப் போவதில்லை. ரொம்ப நாளாக வண்டியை எடுக்கவில்லை. முள் அடியில் கிடக்கிறது, பங்கு வரைக்கும் போகுமா என்று எனக்குத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாது.

நின்றுவிட்டால் நீங்க இறங்காதீங்க. நான் தள்ளிக்கொண்டு வருகிறேன்.